புல் மருந்தில் கருகிய வாழை: முதலில் எல்லைக்கல்லைத் தேடுங்கள்

கேள்வி: மலேசியாவின் பேராக்கில் தோட்டப்புற நகரம். வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரம் மாவட்ட மன்றத்தின் குத்தகையாளர் பாராகுவாட் என்ற புல் மருந்தை அடித்ததில், 25 ஆண்டாக நான் வளர்த்த வாழையும் முருங்கையும் பத்து நாளில் மஞ்சளித்துக் கருகிவிட்டன. புகார் செய்யப் போனால் அலட்சியமாகப் பேசுகிறார்கள். குத்தகையாளர் 1,500 வெள்ளி (ரிங்கிட்) தருகிறாராம். பொது நிலத்தில் மருந்தே அடிக்கக்கூடாது என்று வழக்குப் போடலாமா?

பதில்: அலட்சியப் பேச்சை விடுங்கள். கேள்வி ஒன்றுதான்: கருகிய மரங்கள் உங்கள் கிராண்டுக்குள் (நிலப் பட்டாவுக்குள்) நின்றனவா, கால்வாய் ரிசர்வில் (கால்வாய்க்கென அரசு ஒதுக்கிய நிலத்தில்) நின்றனவா?

ரிசர்வில் என்றால் வாயைத் திறக்காதீர்கள். "25 ஆண்டாகப் பயிரிட்டேன்" என்று மனுவில் எழுதினால், டிஓஎல் (தற்காலிகக் குடியிருப்பு உரிமம்) இல்லாமல் ரிசர்வ் நிலத்தை வைத்திருந்தேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். தேசிய நிலச் சட்டத்தின் 425-ஆம் பிரிவுப்படி அது குற்றம்: 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆண்டுக்கணக்கு உரிமையாகாது, அரசு நிலத்துக்கு 48-ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. வழக்கோடு வருபவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். வாழைக்கு நியாயம் கேட்கப் போவார்கள். நில அலுவலகம் அளக்க வரும். பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறையும் கணக்கில் ஏறும்.

எல்லைக்குள் நின்ற மரங்கள் மட்டும்தான் உங்கள் வழக்கு. புல் செத்த பழுப்புக் கோடு தெளிவாகத் தெரியும். எல்லைக்கல்லிலிருந்து அந்தக் கோடுவரை டேப் பிடித்து, எண் தெரியப் படம் எடுங்கள். அடுத்த மழையில் புல் முளைத்தால் கோடு போய்விடும்.

புகாரில் பாராகுவாட் என்று எழுதாதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. அது பட்ட இலை ஓரிரு நாளிலேயே கருகும். பத்து நாளில் மெல்ல மஞ்சளித்தது கிளைபோசேட் என்ற வேறொரு புல் மருந்து போலிருக்கிறது. தவறான பெயர் ஒன்று போதும், மற்றதையும் நம்பமாட்டார்கள். பதிவு பெற்ற மருந்தை லேபிளில் சொன்னபடி அடிப்பது குற்றமல்ல. எனவே ஒட்டுமொத்தத் தடை கிடைக்காது.

1,500 வெள்ளியை வாங்கிக்கொள்ளுங்கள். நிபுணர் அறிக்கைக்கே அதற்கு மேல் போகும். ஆனால் சமரசப் பேச்சுக் கடிதங்களின் தலையில் 'தன்பா பிரெஜுடிஸ்' (உரிமைக்குப் பாதகமின்றி) என்ற வரி இருக்கட்டும். மரங்கள் ரிசர்வில் இருந்தன என்ற வரி எந்தத் தாளில் இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் இனி மெஷினில்தான் வெட்டுவார்கள் என்ற உறுதியைக் குத்தகையாளரிடம் வாங்கிப் பயனில்லை. அடுத்த குத்தகையில் ஆள் மாறிவிடுவார். பக்கத்து வீட்டாரின் கையெழுத்தோடு கேட்டு, மன்றத்தின் கடிதமாகவே வாங்குங்கள். இழுத்தடித்தால், மன்றத்தின் மேல் வழக்குப் போட 36 மாதம்தான் கெடு; மருந்து அடித்த நாளை இன்றே குறித்து வையுங்கள்.