பக்கத்து இலை அப்பளம்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம் இருக்கிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் பக்கத்து இலையிலிருந்து அப்பளத்தை எடுத்துவிடுகிறான். "அடுத்தவர் அப்பளத்தைத் தொடாதே, தொட்டால் எல்லாரும் ஏசுவார்கள்" என்று கதை எழுதித் தினமும் வாசித்துக் காட்டுகிறேன். பலனில்லை. அடுத்த மாதம் திருவிழா.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கைக்கு, வேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், அதற்கே என் வணக்கம். ஆனால் அதில் இருப்பது முழுக்கக் கண்டிப்பு. ஒரு சூழ்நிலையைப் பிள்ளைக்குக் கதையாக எழுதி விளக்கும் இந்தச் 'சமூகக் கதை' (Social Story) முறையை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே, நடப்பதை விளக்கும் வாக்கியங்கள், 'இப்படிச் செய்' என்பவற்றைப் போல 2 மடங்காவது இருக்க வேண்டும் என்கிறார். பந்தியில் எது யார் இலை என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, பார்த்தே புரிந்துகொண்டோம். உங்கள் பிள்ளைக்கு அதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கலாம். இப்படி எழுதிப் பாருங்களேன்:

"பூசை முடிந்ததும் அன்னதானம் போடுவார்கள். எல்லாரும் வரிசையாக உட்காருவோம். எனக்கு முன்னால் இருப்பது என் இலை. பக்கத்து இலை பக்கத்தில் இருப்பவருடையது. அவர் தன் அப்பளத்தைக் கடைசியில் சாப்பிட வைத்திருக்கலாம். எனக்கு இன்னொன்று வேண்டுமென்றால் பரிமாறும் மாமாவிடம் கை காட்டிக் கேட்கலாம். வழக்கமாக அவர் தருவார். சில சமயம் அப்பளம் முடிந்திருக்கும். அப்போது அம்மா வீட்டில் பொரித்துத் தருவார்."

'வழக்கமாக', 'சில சமயம்' இரண்டையும் எடுத்துவிடாதீர்கள். எழுதியதை அப்படியே நம்பும் பிள்ளைக்கு, அப்பளம் இல்லாத நாளில் கதையே பொய்யாகிவிடும். வீட்டில் பொரித்தும் கொடுத்துவிடுங்கள்!

பக்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும். உங்கள் கோயிலையும் பந்தியையும் கைப்பேசியில் படமெடுத்து ஒட்டுங்கள். ஏச்சு வாங்கிய கையோடு வாசிக்க வேண்டாம். சாயங்காலம் குளித்துவிட்டு அமைதியாக இருக்கும்போது வாசியுங்கள்.

அப்புறம், உருமி மேளத்துக்குக் காதைப் பொத்துகிறானா? அப்படியானால் மேளம் ஓய்ந்தபிறகு ஓரத்து இலையில் உட்கார வையுங்கள். சத்தத்தில் தவிக்கிறவனுக்கு எந்தக் கதையும் உதவாது, அது அவன் குற்றமும் இல்லை.

பரிமாறுகிறவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். முதல் தடவை அவன் கை காட்டும்போது தாமதிக்காமல் அப்பளம் வர வேண்டும்.