லினக்ஸ் இயங்குதளத்தில் எழுத்துகள் ஒரு காலத்தில் மங்கலாகத் தெரிந்ததற்குக் காப்புரிமைதான் காரணமா? இப்போதும் அந்தச் சிக்கல் இருக்கிறதா?

பாதிக்கு மேல் காப்புரிமைதான். மீதியை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2008 வாக்கில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் இருந்தேன். முதலாளி இரண்டு கணினிகளில் லினக்ஸ் போடச் சொன்னார். அந்த வாரமே கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க வந்த ஏற்காட்டுக்காரர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னங்க தம்பி, எழுத்தெல்லாம் கலங்கின டிகாஷன் மாதிரி இருக்குது?" என்றார். லேசர் பிரின்டரில் ஒரு தாள் எடுத்துக் கொடுத்தேன், பளிச்சென்று இருந்தது. வேறு கணினியில் அடித்தேன் என்று சந்தேகப்பட்டார்.

600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி அடிக்கும் லேசரில் ஓர் எழுத்துக்குப் புள்ளிகள் தாராளம். அன்றைய திரையில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 96தான். எழுத்தின் கால் ஒன்றரைப் பிக்சல் அகலம் வந்தால் அதை ஒன்றாக்குவதா, இரண்டாக்குவதா? ட்ரூடைப் என்ற வகை எழுத்துருவுக்குள்ளேயே இதைச் சொல்லும் குட்டி நிரல்கள் உண்டு. இப்படி எழுத்தைப் பிக்சலுக்குப் பொருத்துவதற்கு ஹின்டிங் என்று பெயர். அவற்றை இயக்கும் முறைக்கு ஆப்பிள் காப்புரிமை வைத்திருந்தது. லினக்ஸில் எழுத்தை வரைந்து தரும் ஃப்ரீடைப் என்ற மென்பொருளில் அதற்கான நிரல் எழுதித் தயாராகவே இருந்தது. ஆனால் அணைத்துவைத்துத்தான் வெளியிட்டார்கள். அந்த இடத்தில் ஆட்டோஹின்டர் என்ற அதன் இன்னொரு பகுதி, எழுத்துருவைக் கேட்காமல் தானாக ஊகித்துக்கொண்டிருந்தது.

நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாது. அதைத் தளர்த்த 2004 கடைசியில் அவசரச் சட்டம் வந்தது, 2005இல் நாடாளுமன்றம் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. இருந்தும் என்ன? வெளிநாட்டுச் சட்டத்துக்குப் பயந்து கட்டிய மென்பொருள் பொட்டலம்தானே செவ்வாய்ப்பேட்டைக்கும் வருகிறது!

ஃப்ரீடைப்பின் ஹெடர் கோப்பில், அணைத்துவைத்த ஒரு வரியின் கமென்ட் குறியை எடுத்துவிட்டு, நிரலை மறுபடி கம்பைல் செய்தால் (இயங்கும் வடிவத்துக்கு மாற்றினால்) போதும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதற்கே போனது. ஏரியலும் வெர்டானாவும் கத்தியால் நறுக்கிய மாதிரி ஆகிவிட்டன. தமிழ்? அப்படியேதான். கடையில் இருந்த தமிழ் எழுத்துருக்களில் அந்தக் குட்டி நிரல்களே இல்லை. 'ணை'யின் சுழி அடைத்துக்கொண்டேதான் நின்றது. அதுவரை ஆப்பிளைத் திட்டிக்கொண்டிருந்தவன் அன்று கொஞ்சம் அடங்கினேன்.

ஆப்பிளின் உரிமைகள் 2010 மே மாதத்தோடு முடிந்தன. ஜூலையில் வந்த ஃப்ரீடைப் 2.4இல் அந்த வசதி இயல்பாகவே இயங்கியது. பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தைக் கூர்மையாக்கும் மைக்ரோசாஃப்டின் கிளியர்டைப் முறையில், வண்ணம் சிதறாமல் வடிகட்டும் உரிமை மட்டும் 2019 வரை நீடித்தது. அதற்கு முன்பே, 2017இல் வந்த 2.8.1இல், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் எழுத்தின் வடிவத்தை மூன்றில் ஒரு பிக்சல் நகர்த்தி வரையும் 'ஹார்மனி' முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். வடிகட்டியே தேவைப்படாததால் உரிமைத் தகராறும் இல்லை.

ஆகவே இன்று உங்கள் திரையில் தமிழ் கலங்கித் தெரிந்தால் முதலில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். பிறகு அமைப்புகளில் ஹின்டிங்கை 'ஸ்லைட்' என்று வையுங்கள்.