பண்டைய சுமேரியாவின் (இன்றைய தெற்கு ஈராக்) ‘ஊர்’ நகரம் படையெடுப்பால்தான் அழிந்ததா?

படையெடுப்பு கடைசி அடி, அவ்வளவுதான். அதற்கு முன்பே உள்ளுக்குள் எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது. ஊர் (ஆமாம், நகரத்தின் பெயரே அதுதான்) யூப்ரடீஸ் ஆற்று வாய்க்கால் பாசனத்தை நம்பி வாழ்ந்தது. அரசு வேலையாட்களுக்குக் கூலியாகப் பார்லியை அளந்து கொடுத்து, யாருக்கு எவ்வளவு என்று களிமண் பலகையில் குறித்து வைத்தார்கள். மேற்கிலிருந்து வந்த அமோரியர்கள் என்ற மக்கள் உள்ளே புகத் தொடங்கியதும் மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன, வரி வருவது நின்றது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு மனசைப் பிசைகிறது: கடைசி மன்னர் இப்பி-சின் தானியம் வாங்கிவர அனுப்பிய இஷ்பி-எர்ரா என்ற அதிகாரி, இசின் நகரில் தானே அரசராக உட்கார்ந்துவிட்டார். ஊர் நகரில் தானிய விலை பல மடங்கு ஏறியது. கி.மு. 2004 வாக்கில் ஏலாமியர் (இன்றைய தென்மேற்கு ஈரான் பகுதியினர்) வந்து பிடித்தது பசித்துக் கிடந்த நகரத்தை. மன்னரையும் கைதியாகக் கொண்டுபோனார்கள்.