போட்டோவில் நம் நிறம் எங்கே போகிறது? (கேள்வி பதில்)

மதுரையில் 19 வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். ஸ்டேட்டஸ், டிபி, வரன் தேடும் தளங்கள் என்று நாம் போடும் படங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நான் ஃபில்டரே போடுவதில்லை. ஆனாலும் செல்ஃபியில் வெளுப்பாகத் தெரிகிறேன். ஏன்?

பல போன்களில், தோலைத் தானாகவே வெளுத்து வழவழப்பாக்கும் பியூட்டி மோடு முதலிலிருந்தே ஆன் ஆகியிருக்கும். முன்பக்க கேமராவைத் திறந்து, பியூட்டி என்று இருக்கும் கோட்டைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடுங்கள். மச்சம், பருத் தழும்பு எல்லாம் திரும்பி வரும். முதல் இரண்டு நாள் உறுத்தும், அப்புறம் பழகிவிடும்.

செல்ஃபியில் மூக்கு பெரிதாக விழுகிறது. ஆபரேஷன் செய்யலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அது தூரம் செய்யும் வேலை. ஓர் அடி தூரத்தில் எடுத்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஐந்து அடி தள்ளிப் போனால் அந்தக் கோளாறு கிட்டத்தட்ட இல்லை. போனை அலமாரியில் சாய்த்து வைத்து, டைமர் போட்டு, தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள்.

நான் நல்ல கறுப்பு. குரூப் போட்டோவில் என் முகமே தெரிவதில்லை. இதற்கு ஃபில்டர்தானே வழி?

இல்லை தம்பி. வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி நிறைய இருந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். திரையில் உங்கள் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். உச்சி வெயிலைவிட ஜன்னலோரமோ சாயங்கால வெளிச்சமோ நல்லது.

இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி, கலர் சரிபார்க்க லேப்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அனுப்பும். ஷெர்லி கார்டு என்பார்கள். அவள் தோல் சரியாக விழுந்தால் பிரிண்ட் சரி. நம் தோல் அந்தக் கணக்கிலேயே இல்லை. தப்பு உங்கள் முகத்தில் இல்லை.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். ஸ்டுடியோவில் கலரைக் கூட்டிக் கொடுத்தார்கள். அதையே போடலாமா?

போடாதீர்கள் அம்மா. நானும் இந்தத் தப்பைச் செய்தவள். 2011-ல் ஒரு ஆல்பம். பெண் மாநிறம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று முகத்தையும் கழுத்தையும் டச்சிங்கில் வெளுத்தேன், கையை விட்டுவிட்டேன். மருதாணி வைத்த கை அவளுடையது, முகம் வேறு யாருடையதோ. ஆல்பத்தை மெதுவாகப் புரட்டிவிட்டு, "இது நான் இல்லையே அக்கா" என்றாள். அன்றோடு நிறத்தில் கை வைப்பதை நிறுத்தினேன்.

யோசித்துப் பாருங்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் நேரில்தானே பார்க்கப் போகிறார்கள்? வாசலில் அவர்கள் முகம் மாறுவதை உங்கள் மகள்தான் தாங்க வேண்டும். 2020 ஜூனில் எதிர்ப்பு கிளம்பி, ஷாதி டாட் காம் என்ற வரன் தேடும் தளமே நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. படத்தில் மட்டும் அதை நாம் ஏன் திரும்பக் கொண்டுவர வேண்டும்?

டிபி-யில் இருக்கும் கலர் நேரிலும் வர, ஆன்லைனில் விற்கும் கிரீம் பூசலாமா?

வேண்டாம். லேபிள் சரியில்லாத வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோல் டாக்டரைக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள்.

என் 14 வயது மகள் ஃபில்டர் இல்லாமல் ஒரு படம்கூடப் போடுவதில்லை. திட்டியும் கேட்கவில்லை.

திட்டாதீர்கள். உங்கள் ஸ்டேட்டஸில் ஃபில்டர் இருந்தால் முதலில் அதை எடுங்கள், அவள் கவனிக்கிறாள். வீட்டு விசேஷத்தில் யாராவது "நீ கறுப்பு, ஓரமா நில்லு" என்றால் அங்கேயே தடுங்கள். கல்யாண மேடையில் இந்தப் பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். அப்போதெல்லாம் அந்தக் குழந்தையைத்தான் கூப்பிட்டு, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நிறுத்தி எடுப்பேன்.