போனை வாங்கலாம், ஸ்கிரிப்டைக் காட்டாதீர்கள்

கேள்வி: திண்டுக்கல்லில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 27. ராத்திரியில் போன் ரிவ்யூ வீடியோ போடுகிறேன். 14 ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். இப்போது ஒரு கம்பெனி 32 ஆயிரம் ரூபாய் போனை இலவசமாகத் தருகிறேன் என்கிறது. ஆனால் ஸ்கிரிப்டை முன்கூட்டியே அவர்களிடம் காட்ட வேண்டுமாம். ஒப்புக்கொள்ளலாமா? கடை வேலையை விட்டுவிட்டு இதிலேயே முழுசாக இறங்கிவிடலாமா? அப்பா வேண்டாம் என்கிறார்.

பதில்: தம்பி, ஸ்கிரிப்ட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டாதீர்கள். சோதித்துப் பார்க்கப் போன் அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் கம்பெனி திருத்திய பேச்சு விளம்பரமாகிவிடும். விளம்பரமும் செய்யலாம், அதை விளம்பரம் என்றே சொல்லிச் செய்ய வேண்டும். பணமோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் வீடியோவுக்குள்ளேயே அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், கீழே குறிப்பில் மட்டும் போட்டால் போதாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வரியும் உண்டு. 2022 ஜூலையிலிருந்து, ஒரே இடத்தில் வருடத்துக்கு 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இப்படிப் பொருளாகப் பெற்றால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது தருகிறவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி. போனை நீங்களே வைத்துக்கொண்டால் அது உங்கள் வருமானம். திருப்பிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நானும் போன் ரிவ்யூ எழுதுகிறவன்தான், ஒருமுறை காட்டியிருக்கிறேன். 'மே மாத வெயிலில் வீடியோ எடுத்தால் பன்னிரண்டு நிமிடத்தில் கேமரா தானாக நின்றுவிடுகிறது' என்று எழுதியிருந்தேன். 'நீண்ட நேரம் பயன்படுத்தினால் லேசாகச் சூடாகிறது' என்று மாறி வந்தது. சரி, இவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். அதைப் படித்து அந்தப் போனை வாங்கிய ஒருவர், தங்கை கல்யாணத்தை அதில் எடுத்திருக்கிறார். வெளிப்பந்தல், பத்து மணி முகூர்த்தம். தாலி கட்டுவதற்குள் கேமரா நின்றுவிட்டது. என்னைத் திட்டக்கூட இல்லை, 'நீங்க சொல்லியிருக்கலாமே சார்' என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு யாருக்கும் நான் முன்கூட்டிக் காட்டியதில்லை.

அடுத்து, வேலை. அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டர், போன்களைச் சோதித்து எழுதிய ஆனந்த்டெக் என்ற இணையதளம் 1997-இல் தொடங்கியது. கேலக்ஸி எஸ்4 போன், வேகத்தை அளக்கும் சில செயலிகள் ஓடும்போது மட்டும் சிப்பைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுகிறது என்று 2013-இல் அளந்து காட்டியவர்கள் அவர்கள். அத்தனை பேரும் புகழும் இருந்தும் 2024 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். 14 ஆயிரம் பேரை நம்பிச் சம்பளத்தை விடாதீர்கள்.

சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்கள் கையில் ஒரு போன் இருப்பது ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள். ஏசி அறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதிவிடுகிறோம். இரண்டாம் வருடம் அதற்கு என்ன ஆகிறது என்பது எங்கள் கண்ணில் படுவதே இல்லை. அது உங்கள் மேஜைக்குத்தான் வருகிறது. சார்ஜிங் பின் ஆடுகிற போன், அப்டேட் போட்ட மறுநாள் டிஸ்ப்ளேயில் பச்சைக் கோடு விழுந்த போன், பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிற போன். தவணை கட்டி வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது இதுதான், இதைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஒரு நோட்டுப் போடுங்கள். மாடல், வாங்கிய மாதம், பழுது, பாகத்தின் விலை, பாகம் வந்துசேர எத்தனை நாள். முதலாளியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், வாடிக்கையாளர் பெயரோ அவர் போனுக்குள் இருப்பதோ வெளியே வரக் கூடாது. ஒன்று கவனம்: நிறைய விற்ற மாடல்தான் கடைக்கும் நிறைய வரும். எண்ணிக்கையை வைத்து மட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை மாதத்தில், எந்தப் பழுதோடு வருகிறது என்று பாருங்கள்.

சின்னப் பொருள்களையும் சோதியுங்கள். எவ்வளவு சார்ஜ் போகிறது என்று அளக்கும் யுஎஸ்பி மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரு பவர் பேங்க்கை அதில் மாட்டி முழுசாக இறக்கிப் பாருங்கள். அட்டையில் போட்ட 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டில் அது 7,400 ஆகிவிடும், மாற்றும்போது வீணாவதையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம்தான் மீட்டரில் வரும். 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை ஏற்றலாம் என்று நம்பி வாங்குகிறவருக்கு அந்த மீட்டரைக் காட்டினாலே போதும்.

கம்பெனிக்கு இன்றைக்கே பதில் போட்டுவிடுங்கள்: பதினைந்து நாளில் போனைத் திருப்பி அனுப்புகிறேன், வீடியோவை எல்லாரும் பார்க்கும்போது நீங்களும் பாருங்கள் என்று. சம்மதித்தால் அனுப்பட்டும். இல்லாவிட்டால் கவலை வேண்டாம். ஒரு வருடம் போனால் அந்த மாடலும் உங்கள் மேஜைக்கு வரும், அப்போது திறந்து பார்த்து எழுதுங்கள்.