சோலைவரி ஐயா பதில்கள்: நூற்றுக்கு ஒன்று

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் போர்ட்லாந்தில் இருக்கிற என் மகன், அங்கே பெரிய கடைகளிடம் காசு வாங்கி வறிய வீடுகளுக்குச் சூரியத் தகடு போடுகிறார்கள், மரம் நடுகிறார்கள் என்கிறான். உண்மையா? இங்கே யாழ்ப்பாணத்தில் வெள்ள வாய்க்காலைத் துப்புரவாக்கவே பிரதேச சபையிடம் காசில்லையாம். (கோண்டாவில் வாசகி)

பதில்: மகன் கதை விடவில்லை, தங்கச்சி. 2018 நவம்பரில் அந்த நகரத்து மக்களே வாக்குப் போட்டுக் கொண்டுவந்த கட்டணம் அது. நாடு முழுக்க ஆண்டுக்கு 100 கோடி டொலருக்கு மேலும், அந்த நகரத்துக்குள் 5 இலட்சம் டொலருக்கு மேலும் விற்கிற சில்லறை வியாபார நிறுவனங்கள், நகரத்து விற்பனையில் நூற்றுக்கு ஒன்றைக் கட்டவேண்டும். பலசரக்கும் மருந்தும் கணக்கில் வராது. சந்திக் கடைக்காரரை யாரும் தொடுவதில்லை. 2021 ஜூனில் அங்கே வெயில் 46 பாகையைத் தாண்டி, வீட்டுக்குள்ளேயே ஆட்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு வறிய வீடுகளுக்குக் குளிரூட்டும் கருவி கொடுத்ததும் இந்தக் காசில்தான்.

இனி எங்கள் கதை. நான் ஒரு பிரதேச சபையில் வருமானப் பரிசோதகராக இருந்தவன். சைக்கிள் கரியரில் ரசீதுப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் ஒன்று மட்டும் என் மண்டைக்குள் ஏறவே இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் வியாபார வரிக்கு ஓர் அட்டவணை உண்டு. முந்திய ஆண்டு வரவு 150,000 ரூபாயைத் தாண்டினால் வரி 3,000 ரூபாய். அதற்கு மேல் படியே கிடையாது. ஓலைக் கொட்டிலில் ரியூசன் நடத்துகிற வாத்தியார் 3,000 கட்டுவார். அதே ஒழுங்கையின் முகப்பில், கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் வைத்த நிதி நிறுவனக் கிளையும் அதே 3,000. வாத்தியார் என்னை வாங்கில் இருத்தித் தேத்தண்ணி தந்து, இரண்டு தவணையாகக் கட்டுவார். கிளை முகாமையாளர், ‘தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம்’ என்று மூன்று மாதம் அலைக்கழிப்பார்.

ஆனால் அதே சட்டத்தில், சுற்றுலாச் சபையில் பதிந்த விடுதிக்கு உரிமக் கட்டணம் முந்திய ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்று! போர்ட்லாந்துக்காரர் 2018இல் கண்டுபிடித்த கணக்கு எங்கள் சட்டத்தில் முன்பே கிடக்கிறது. விடுதிக்குப் பொருந்துகிற கணக்கு நாடு முழுக்கக் கிளை பரப்பிய நிறுவனத்துக்கு ஏன் பொருந்தாது? ஒரு பிரிவைத் திருத்தினால் போதும். ஆனால் அதைத் திருத்தவேண்டிய இடம் கொழும்பு.

கேள்வி: வரியைக் கூட்டினால் பெரிய கடைக்காரன் விலையைக் கூட்டுவான். கடைசியில் தலையைக் கொடுப்பது நாங்கள்தானே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பாதி சரி, தம்பி. ஆனால் ஒரு பிஸ்கட் பக்கெற்றைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்த உச்ச விலை கொழும்புக்கும் கொக்குவிலுக்கும் ஒன்றுதான். ஒரு சபை எல்லைக்காக அதை மாற்றி அடிக்க முடியாது. உடுப்பு, தளபாடம், கைத்தொலைபேசியில் கொஞ்சம் ஏறலாம். ஏறட்டும். 2008இல் நிஷா புயலோடு வந்த மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றதே, அதற்கு யார் காசு கொடுத்தது? நனைந்த மெத்தையை வெயிலில் போட்டதும் நாங்கள், புதிது வாங்கியதும் நாங்கள்.

கேள்வி: சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்கு நீதிமன்றம் காசு கட்டச் சொன்னதே. அதுவே போதாதா? (பெயர் வேண்டாம், மல்லாகம்)

பதில்: 2019இல் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கும்படி அங்கே மின் நிலையம் நடத்திய நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் 2015இல் போட்ட வழக்கு அது. நான்கு வருடம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் மண்ணுக்கடியில் இருப்பது சுண்ணக்கல். மேலே ஊற்றுவதெல்லாம் கீழே போகும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு என்பது போல. மேலே இருப்பதை அளவு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். அதனால் குளங்களைத் தூர்வாரி, வழுக்கையாற்று வழியை விட்டுவைத்து, மழையைக் கடலுக்கு விடாமல் மண்ணுக்குள் இறக்கவேண்டும். இதற்கு ஆண்டுதோறும் காசு வேண்டும். வழக்கு வென்று வருகிற காசு ஒருமுறைதான்.

கேள்வி: சபையிடம் காசு கொடுத்தால் சாப்பிட்டுவிடுவார்களே? (உரும்பிராய் வாசகர்)

பதில்: போர்ட்லாந்திலும் சறுக்கியிருக்கிறார்கள். குளிரூட்டும் கருவி வாங்கிக் கொடுக்க ஓர் அமைப்புக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்து, அதை நடத்தியவர் முன்பு மோசடிக் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டவர் என்று தெரிந்ததும் 2021 கடைசியில் ரத்துச் செய்தார்கள். பிறகு கணக்காய்வும் வந்து குறை சொன்னது. எங்களுக்கும் அதுதான் வழி. தனிக் கணக்கு, செலவு விபரம் சந்தை மதிலில் ஒட்டவேண்டும். இணையத்தில் போட்டால் போதாது, மதிலில்.

கேள்வி: இவ்வளவும் தெரிந்த நீங்கள் வேலையில் இருக்கும்போது ஏன் கேட்கவில்லை? (அதே வாசகர்)

பதில்: கேட்டேன். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘சட்டம் செய்வது மேலிடம், நீர் போய் ரசீதைக் கிழியும்’ என்றார் மேலதிகாரி. போய்க் கிழித்தேன்.