ஃபார்மட் போட்டும் திரும்பி வரும் வைரஸ்: கேள்வி பதில்

அல்சூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பெங்களூரில் நம் ஆட்கள் நடத்தும் கடை, பட்டறை, ஆபீஸ் என்று பல இடங்களிலிருந்து சாஃப்ட்வேரை ஓட்டும் எக்ஸி (.exe) ஃபைல்களில் ஒட்டிக்கொள்ளும் வைரஸைப் பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்ரீராமபுரம், டிடிபி கடை: அண்ணா, ஆன்டிவைரஸ் சாலிட்டி என்ற வைரஸ் இருப்பதாகக் காட்டியது. ஃபார்மட் போட்டு விண்டோஸ் புதிதாக ஏற்றினேன், இரண்டே நாளில் மறுபடி வந்துவிட்டது. எப்படி?

பதில்: சி டிரைவை மட்டும் ஃபார்மட் போட்டிருப்பீர்கள். டி டிரைவில் பிரிண்டர் டிரைவர், ஃபான்ட் சாஃப்ட்வேர், பழைய செட்டப் எல்லாம் சேர்த்து வைத்திருப்பீர்கள் இல்லையா, வைரஸ் அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸி ஃபைலின் முன்பகுதியிலும், எந்த இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்க வேண்டும் என்ற குறிப்பு ஒன்று உண்டு. இந்த வகை வைரஸ் பொதுவாகத் தன் கோடை ஃபைலின் கடைசியில் ஒட்டிவிட்டு அந்தக் குறிப்பைத் தன் பக்கம் திருப்பிவிடும். நீங்கள் டபுள் கிளிக் செய்ததும் முதலில் ஓடுவது வைரஸ், அது மெமரியில் உட்கார்ந்த பிறகு பழைய இடத்துக்கு வழி விட்டுவிடும், சாஃப்ட்வேர் வழக்கம்போலத் திறக்கும், உங்களுக்குச் சந்தேகமே வராது. அதற்குள் அது மற்ற டிரைவ், பென் டிரைவ், நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டர் என்று தேடிப்போய் அங்குள்ள எக்ஸிகளிலும் ஒட்ட ஆரம்பித்திருக்கும். புது விண்டோஸில் பிரிண்டர் டிரைவரை டி டிரைவிலிருந்து ஏற்றினீர்கள் என்றால் அந்த ஒரு கிளிக் போதும்.

அதே கடை: சேஃப் மோடில், அதாவது விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறந்து, ஸ்கேன் செய்யலாம் என்று பார்த்தால் நீலத் திரை வருகிறது. டாஸ்க் மேனேஜரும் திறக்கவில்லை.

பதில்: சாலிட்டி செய்யும் வேலையே அது. விண்டோஸின் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சேஃப் மோடுக்கான பதிவுகளை அழிக்கும், டாஸ்க் மேனேஜரையும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரையும் முடக்கும், ஆன்டிவைரஸை நிறுத்தப் பார்க்கும். அதனால்தான் தொற்றிய விண்டோஸுக்குள் உட்கார்ந்துகொண்டே அதைச் சுத்தம் செய்ய முயலாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். நீங்கள் திறக்கும் ஸ்கேனரே ஒரு எக்ஸிதான், அதிலும் அது ஒட்டலாம். நெட் கேபிளைப் பிடுங்குங்கள். வேறு நல்ல கம்ப்யூட்டரில் காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் அல்லது டாக்டர்வெப் லைவ்டிஸ்க் இறக்கிப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஸ்டார்ட் (பூட்) செய்யுங்கள். இரண்டும் வைரஸ் பிடிப்பவை, விண்டோஸில் இல்லாமல் லினக்ஸ் என்ற வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடுபவை, அந்த நேரத்தில் உங்கள் விண்டோஸும் வைரஸும் தூங்கிக்கொண்டிருக்கும். எல்லா டிரைவையும் டிக் செய்து ஸ்கேன் போடுங்கள், ராத்திரி போட்டுவிட்டுப் போனால் நல்லது.

கோரமங்கலா, கணக்கர்: ஸ்கேன் முடிந்து சுத்தம் என்று வந்துவிட்டால் நம்பலாமா சார்? டாலி கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா என்ன ஆகும்?

பதில்: டேட்டாவுக்குப் பயமில்லை. டாலி கம்பெனி ஃபோல்டர், எக்ஸெல், பிடிஎஃப், போட்டோ இவையெல்லாம் எக்ஸி மாதிரி தானாக ஓடுபவை அல்ல, அவற்றை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். மேக்ரோ (உள்ளே எழுதிய சிறு புரோகிராம்) உள்ள எக்ஸெல் ஷீட்டை மட்டும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். சந்தேகம் எக்ஸிகள்மேல்தான். ஒட்டிய கோடை வெட்டி எடுத்துப் பழைய குறிப்பைத் திரும்ப வைப்பதைத்தான் டிஸ்இன்ஃபெக்ட் என்கிறார்கள். சாலிட்டியில் பெரும்பாலும் நடக்கும், விருட் என்ற வைரஸோ ஒட்டும்போதே ஃபைலைக் கெடுத்துவிடுவது உண்டு, அதை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. என் கருத்து, எக்ஸிகளைக் காப்பாற்ற மெனக்கெடாதீர்கள். டேட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு சாஃப்ட்வேரை அந்தந்தக் கம்பெனி தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். இறக்கியதும் ப்ராபர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சரைப் பாருங்கள், வைரஸ் ஒட்டியிருந்தால் அது செல்லாததாகிவிடும்.

மடிவாளா பிஜியில் தங்கிப் படிக்கும் மாணவர்: அண்ணா, எக்ஸி மட்டும்தான் என்கிறீர்கள், என் ப்ராஜெக்டில் எச்டிஎம்எல் ஃபைல்களையும் ராம்னிட் என்று பிடிக்கிறதே?

பதில்: சரியாகத்தான் பிடிக்கிறது தம்பி. ராம்னிட் என்ற வைரஸ் எக்ஸி, சாஃப்ட்வேருக்குத் துணையாக இருக்கும் டிஎல்எல் ஃபைல் இரண்டிலும் ஒட்டும், எச்டிஎம்எல் ஃபைலின் கடைசியில் விபிஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதிய ஒரு பெரிய கோட் துண்டையும் சேர்க்கும், அதற்குள் வைரஸின் எக்ஸியே எண்ணெழுத்தாக இருக்கும். இப்போதைய குரோமில் அது ஓடாது, பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஓடும். நோட்பேடில் திறந்து அந்தத் துண்டை நீக்கினால் பக்கம் பழையபடி ஆகிவிடும். ப்ராஜெக்டின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் கிட் (Git) சாஃப்ட்வேரில் பிரதி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பீன்யா, லேத் பட்டறை: சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும்) மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் விண்டோஸ் எக்ஸ்பிதான். நெட்டே கிடையாது, அதற்கும் வந்துவிட்டது. மாற்றவும் முடியாது சார்.

பதில்: பீன்யாவில் இந்தக் கதை நிறைய. நெட் இல்லாவிட்டாலும் டிராயிங் கொண்டுவரும் பென் டிரைவ் இருக்கிறதே. எக்ஸ்பி பழைய நிலையில் இருந்தால் பென் டிரைவ் செருகியதும் அதிலுள்ளதைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் வேலை செய்யும். அதை நிறுத்த மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் அப்டேட் தந்தது, நெட் இல்லாத மெஷினுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. முதலில் டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்கில் க்ளோன் (முழு நகல்) எடுங்கள், தொற்றோடு இருந்தாலும் பரவாயில்லை, கன்ட்ரோல் சாஃப்ட்வேரின் செட்டிங் தொலைந்தால் பட்டறையே நின்றுவிடும். அப்புறம் ரெஸ்க்யூ டிஸ்கில் ஸ்கேன் செய்யுங்கள், கண்டபடி டெலிட் கொடுக்காதீர்கள், டிஸ்இன்ஃபெக்ட் மட்டும். கன்ட்ரோல் சாஃப்ட்வேர் எக்ஸி கெட்டிருந்தால் மெஷின் கம்பெனியிடம் ஒரிஜினல் சிடி கேளுங்கள். எல்லாம் சரியானதும் ஒரு சுத்தமான க்ளோன் எடுத்து பீரோவில் பூட்டுங்கள். மெஷினுக்குக் கொடுக்கும் கட்டளைகளான ஜி கோட் வெறும் டெக்ஸ்ட், அதில் இந்த வைரஸ் ஒட்டாது. இனி ரைட் ப்ரொடெக்ட் ஸ்விட்ச் உள்ள பென் டிரைவில், ஸ்விட்சைப் பூட்டிய பிறகே மெஷினில் செருகுங்கள்.

சிவாஜிநகர், ஜெராக்ஸ் கடை: பென் டிரைவில் எல்லாமே ஷார்ட்கட் ஆகிவிட்டதே?

பதில்: அது வேறு வகை. ஃபைல்கள் உள்ளேயேதான் மறைந்திருக்கின்றன, ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாமல் லினக்ஸில் திறந்து காப்பி எடுங்கள்.

ஒயிட்ஃபீல்ட், ஐடி ஊழியர்: ஃபைல் அளவு கூடவில்லை என்றால் தொற்றில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 1998-இல் வந்த சிஐஎச் என்ற வைரஸ், ஃபைலுக்குள் இருக்கும் காலி இடைவெளிகளில் துண்டு துண்டாக உட்கார்ந்துகொண்டது, அளவு மாறவே இல்லை. 1999 ஏப்ரல் 26 அன்று அது ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியையும், பல மதர்போர்டுகளில் கம்ப்யூட்டரை ஸ்டார்ட் செய்யும் பயாஸையும் அழித்தது. அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ராஜாஜிநகர், வீட்டு உபயோகம்: கம்ப்யூட்டரை எஸ்.பி. ரோடு சர்வீஸ் கடையில் கொடுக்கப் போகிறேன். என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பதில்: "டேட்டாவை லினக்ஸில் பூட் செய்து எடுங்கள், எக்ஸி ஒன்றுகூடக் காப்பி செய்யாதீர்கள், எல்லா பார்ட்டிஷனையும் (சி, டி டிரைவ்கள்) அழித்துவிட்டு விண்டோஸ் ஏற்றுங்கள்" என்று எழுதியே கொடுங்கள். சாஃப்ட்வேரை அவர்கள் பென் டிரைவிலிருந்து ஏற்ற வேண்டாம் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள், நிறைய பேருடைய கம்ப்யூட்டர்களில் மாறி மாறிச் செருகியது அது.